எங்கள் ஊராட்சிக்கு ஒரு ஆளைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய தனி அலுவலர் ஐயா அவர்களுக்கும், அவருக்கு உத்தரவு போடும் இடத்தில் இருக்கும் மேலதிகாரிகளுக்கும் வணக்கம்.

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். ஊராட்சித் தலைவர் இருக்க வேண்டிய இடத்தில் தனி அலுவலராக நீங்கள் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். சம்ப் என்கிற தரைத்தொட்டியிலிருந்து மேலே டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் எங்கள் ஊர் மோட்டார் விவகாரம் உங்களுக்குப் புதிதில்லை. மூன்று மனுவாக அது உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. ஜூலை 9ஆம் தேதி மோட்டாருக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுற்று) எரிந்தது, ஆகஸ்ட் 30ஆம் தேதி சரியானது. மொத்தம் 52 நாள். மோட்டார்தான் ஓடுகிறதே, இப்போது எதற்குக் கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். அடுத்த முறை எரிந்தாலும் இதே 52 நாள் ஆகும் என்பதால்தான் எழுதுகிறேன்.

அந்த 52 நாளும் எங்கள் தெருக் குழாயில் வந்தது பழைய போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். ஒகேனக்கல் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர் சம்ப் வரைக்கும் வந்து நின்றது. அதை மேலே டேங்குக்கு ஏற்ற வழியில்லை. குழாயில் எதுவுமே வராமல் இருப்பதற்கு இதாவது வரட்டும் என்று டேங்க் ஆபரேட்டர் அண்ணன் போரைப் போட்டுவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். மாடு கன்றுக்குத் தண்ணீர் வேண்டும், துணி துவைக்க வேண்டும். ஆனால் அது என்ன தண்ணீர் என்று இந்த மாவட்டத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அந்த அளவைத் தாண்டிய தண்ணீரைக் குடித்துத்தான் நாங்கள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தோம்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். என் மகன் 1999இல் பிறந்தவன். அவன் முன்பற்கள் நான்கும் செம்மண் கறை பிடித்த மாதிரி இருக்கும். கொழுந்தனார் மகள் 2014இல் பிறந்தவள். அவள் பல் தேங்காய்க் கீற்று மாதிரி வெள்ளை. ஒரே வாசல், ஒரே சமையல், ஒரே குழாய். நடுவில் மாறியது ஒன்றுதான்: 2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது. என் மாமியாருக்கு அதுவும் காலம் கடந்து வந்தது. முதுகை நிமிர்த்த முடியாமல் பத்து வருஷம் சுவரைப் பிடித்து நடந்து போய்ச் சேர்ந்தார்.

மகனுக்குக் கல்யாணம் நடந்தபோது போட்டோ எடுக்க வந்த பையன், "மாப்பிள்ளை கொஞ்சம் பல் தெரியச் சிரிங்க" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தான். ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட என் மகன் வாயைத் திறக்கவில்லை. பெண் வீட்டார் மாப்பிள்ளை கொஞ்சம் அழுத்தமானவர் போல என்று பேசிக்கொண்டார்கள். அவன் சின்ன வயசில் விழுந்து விழுந்து சிரிக்கிற பிள்ளை. பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்த பிறகுதான் கையால் வாயை மூடிச் சிரிக்கப் பழகினான்.

இப்போது அவனுக்கு ஒரு மகள், மூன்று வயசு. பால்பல் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் விழுந்து முளைக்கப் போகிற பல் இந்த வயசில்தான் ஈறுக்குள்ளே உருவாகிறது, இப்போது குடிக்கிற தண்ணீர்தான் அதில் போய்ச் சேரும் என்று பள்ளியில் நடந்த பல் மருத்துவ முகாமில் டாக்டரம்மா சொன்னார். காய்ச்சிக் கொடுத்தாலும் புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும் என்றும் சொன்னார். அதனால் குழந்தைக்கு மட்டும் 40 ரூபாய் கேன் வாங்கினோம். பெங்களூரிலிருந்து மகன் அனுப்பும் பணம் தீர்ந்த நாட்களில் அதுவும் இல்லை. டம்ளரில் போர் தண்ணீரை ஊற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சரி, அந்த 52 நாள் எப்படிப் போனது?

காயில் கட்ட தர்மபுரியில் இரண்டு நாள் வேலை. கூலியும் கம்பியும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மீதி 50 நாளும் ஆள் தேடித்தான் போனது. எங்கள் ஊராட்சி செயலருக்கு மூன்று ஊராட்சிப் பொறுப்பு. எங்கள் ஊருக்கு அவர் வருவது செவ்வாய், வெள்ளி. அந்த இரண்டு நாளிலும் ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம் வைத்துவிட்டால் அந்த வாரம் அவ்வளவுதான். அவர் எழுதிய பிறகு ஓவர்சியர் வந்து பார்த்து எஸ்டிமேட் போட வேண்டும். அவருக்கும் கை நிறைய ஊர். அப்புறம் உங்கள் கையெழுத்து. உங்கள் நிலைமையும் எனக்குத் தெரியாமல் இல்லை ஐயா. மாவட்டத்தில் 251 ஊராட்சி, 10 ஒன்றியம். வகுத்துப் பார்த்தால் ஒன்றியத்துக்கு 25 ஊர். 25 தலைவர்கள் செய்த வேலையை, ஏற்கனவே இருக்கும் வேலையோடு சேர்த்து ஒரே ஆள் தலையில் வைத்தால் எங்கள் மோட்டார் எத்தனையாவது வரிசையில் நிற்கும்?

நடுவில் குறைதீர் முகாம் ஒன்று நடந்தது. மனுவை எடுத்துக்கொண்டு போனேன். மனு வாங்கும் மேசையில் உட்கார்ந்திருந்தது எங்கள் ஊராட்சி செயலரேதான். அந்த வாரம் முழுக்க அவருக்கு அங்கேதான் வேலையாம். மோட்டாருக்கு எழுத வேண்டிய கை, மோட்டார் ஓடவில்லை என்ற என் மனுவுக்கு ரசீது எழுதியது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கும் அவரைத் திட்ட மனசு வரவில்லை. ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து கேட்டேன். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள், நாங்கள் கையெழுத்துப் போட்டோம். பதில் சொல்லும் இடத்தில் இருந்தவர் "மேலே அனுப்புகிறோம் அம்மா" என்றார். கிராம சபைக்கும் மேலே எங்கே அனுப்புவது? குடிநீர் ஊராட்சியின் வேலை என்று அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையே சொல்கிறது. அதில் இருக்கும் 29 வேலைகளில் இதுவும் ஒன்று. வேலையைக் கொடுத்தவர்கள் அதைச் செய்ய ஆளைக் கொடுக்கவில்லை.

நான் கேட்பது இதுதான்: எங்கள் ஊராட்சிக்கு என்று முழுநேரமாக ஒரு ஆளைக் கொடுங்கள். மூன்று ஊருக்குப் பொதுவாக இல்லாமல் எங்களுக்கென்று ஒரு செயலர். மோட்டார், வால்வு, பைப் உடைப்பு மாதிரி அவசரப் பழுதுக்கு அன்றைக்கே செலவு செய்து பிறகு கணக்குக் காட்டும்படி ஒரு சிறு தொகையும் அவர் பொறுப்பில் இருக்கட்டும்.

பழைய தலைவர் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. அவர் காலத்தில் போட்ட சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. ஆனால் காலையில் அவர் வேப்பங்குச்சியோடு வாசலில் நிற்கும்போது நான்கு பெண்கள் போய்க் குடத்தை வைத்து நின்றால், அன்றைக்குச் சாயந்திரம் கடனுக்காவது மோட்டாரைக் கழற்றி அனுப்புவார். அடுத்த தேர்தலில் எங்கள் ஓட்டு வேண்டும் அவருக்கு. அவருடைய பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, நடக்கவில்லை. இதற்கு முன்னாலும் 2016 அக்டோபரிலிருந்து 2020 ஜனவரி வரை தனி அலுவலர் ஆட்சிதான். 2016 அக்டோபர் தொடங்கி வந்த ஒன்பது வருஷத்தில் ஏறக்குறைய நான்கு வருஷம் எங்கள் ஊரில் எங்களுக்குப் பதில் சொல்லும் ஆள் இல்லை. சட்டமன்றத்துக்கு இப்படி நான்கு வருஷம் தேர்தல் நடத்தாமல் விட்டிருப்பீர்களா? ஊராட்சிகளுக்கு மத்திய அரசு தரும் மானியத்தைப் பரிந்துரைத்த 15வது நிதிக்குழு (2021–26), தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுத்தவர்கள் உள்ள ஊராட்சிக்குத்தான் மானியம் என்று நிபந்தனை போட்டிருந்தது. அந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கியது. தேர்தல் தள்ளிப்போய் இப்படி மானியம் நின்றால் அதுவும் எங்கள் குழாயைத்தான் பாதிக்கும்.

கேரளாவில் ஊராட்சி அலுவலகத்துக்குள் செயலர், உதவிச் செயலர், எழுத்தர்கள் என்று ஒரு அலுவலகமே நடக்கிறது. இந்தப் பக்கம் எல்லையைத் தாண்டினால் கர்நாடகாவில் கிராம பஞ்சாயத்துக்கென்றே ஒரு வளர்ச்சி அதிகாரி இருக்கிறார். அங்கே ஊராட்சிகள் பெரியவை என்பார்கள். உண்மைதான், கேரளா முழுக்க 941 கிராம ஊராட்சி, நம் மாநிலத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். சின்ன ஊராட்சியாக இருப்பது எங்களுக்கு நல்லதுதான், நடந்தே போய்விடலாம். நடந்து போய்ச் சேரும் இடத்தில் ஆள் இருக்க வேண்டும். பூட்டிய கதவில் ஒட்டிய போன் நம்பரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கு எதற்கு ஊராட்சி?

ஒகேனக்கல் திட்டத்துக்கு 1,928 கோடி ரூபாய் ஆனது. ஜப்பானிடம் கடன் வாங்கி, ஆற்றிலிருந்து மலையேற்றி, தர்மபுரி, கிருஷ்ணகிரி என இரண்டு மாவட்டத்துக்கும் குழாய் பதித்தார்கள். அதைச் செய்தவர்களுக்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன், கொழுந்தனார் மகளின் பல்லைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன். அவ்வளவு பெரிய வேலையைச் செய்து முடித்த அரசாங்கத்தால் எட்டாயிரம் ரூபாய் வேலையை இரண்டு நாளில் செய்ய முடியவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போது இரண்டாம் கட்டம் வரப்போகிறது என்கிறார்கள். வரட்டும். அந்தக் குழாயின் கடைசி வால்வைத் திறந்து மூடுவதற்கும், பழுதென்றால் ஓடி வருவதற்கும் ஊருக்கு ஒரு ஆளையும் சேர்த்துத் திட்டம் போடுங்கள். டேங்க் ஆபரேட்டர் அண்ணனுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. அதையும் இதோடு எழுதிவிடுகிறேன், அவர் வாய் திறந்து கேட்க மாட்டார்.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. உங்களிடம் அதிகாரம் இருக்கும் வரைக்கும் உங்களிடம்தானே கேட்க முடியும். உங்களால் ஆகாது என்றால், ஆகும் இடத்துக்கு இந்தக் கடிதத்தை உங்கள் குறிப்போடு அனுப்பி வையுங்கள். எங்கள் ஊராட்சிக்கு முழுநேரமாக ஒரு ஆளைக் கொடுங்கள். தேர்தலை நடத்துங்கள்.

பேத்திக்கு ஐப்பசியில் நான்கு வயசு ஆகிறது. பால்பல் விழ இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

இப்படிக்கு,
பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து
ஒரு மகளிர் குழு உறுப்பினர்