கடலூர் நண்பனுக்கு, உன் புரொப்பல்லரைப் பற்றி

காட்பாடி
மே மாதக் கடைசி

அன்பு நண்பா,

நானும் வீட்டில் அனைவரும் நலம். தங்கையும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன், பொறுத்துக்கொள். நீ பேருந்தில் போட்டுவிட்ட சாக்குமூட்டை செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அதைப் பிரித்ததும் எழுந்த கருவாட்டு வாடையில் எதிர்வீட்டு அத்தை வந்து யாருக்கு விருந்து என்று கேட்டுவிட்டார். நீ வஞ்சிரத்தோடு வரப்போவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன், ஆகவே அந்தக் கடன் இனி உன்னுடையது.

மூட்டையில் வந்த உன் படகுப் புரொப்பல்லரின் மூன்று இலைகளிலும், கப்பலடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரான கொட்டலசு அப்பியிருந்தது. மரச்செதிலால் நெம்பினால் ஓடு பெயர்ந்துவிடுகிறது. ஆனால் அதன் அடித்தட்டு, ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள வெள்ளை வட்டமாக, நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய கோடுகளோடு, உலோகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டேன், சுண்ணாம்பைப் போல நுரைத்துக் கரைந்தது. உடனே நல்ல தண்ணீரில் கழுவிவிட்டேன். அதன் பிறகுதான் இலை நுனிகளில் இருந்த இளஞ்சிவப்பு நிறம் கண்ணில் பட்டது.

அந்தச் சிவப்புக்கும் நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கும் தொடர்பு இருக்கிறது. உன் புரொப்பல்லரை வெண்கலம் என்று விற்றிருந்தாலும் அதில் துத்தநாகம் நிறையக் கலந்திருக்கிறது. சென்ற ஆண்டு, புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டில் இலைக்குப் பதிலாகக் கரைவதற்காக இருந்த ஜிங்க் கட்டி, அதாவது துத்தநாகக் கட்டி, தீர்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டினாய். உப்புநீர் இலையில் இருந்த துத்தநாகத்தையே தின்று, பஞ்சுபோன்ற செம்பை மட்டும் விட்டுவைத்தது. பயந்துபோய் இந்த ஆண்டு மச்சான் சொன்னபடி இரண்டு பெரிய கட்டிகளைப் பொருத்தினாய். அரிப்பு நின்றது, கொட்டலசு குடியேறியது. "ஜிங்க் போட்டும் ஏன் பிடிக்கிறது?" என்று கேட்டாயே, ஜிங்க் போட்டதால்தான் இவ்வளவு பிடித்தது.

இதே இடத்தில் ஹம்ப்ரி டேவி போன்ற பெரிய விஞ்ஞானியே இடறியிருக்கிறார் என்று படித்தபோது இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரிட்டிஷ் கடற்படை 1761இல் ஒரு போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சாவதால் அதன்மேல் பாசியும் ஓட்டுயிர்களும் தங்குவதில்லை. அந்தத் தகடு சீக்கிரம் தேய்கிறதே என்று பிற்பாடு டேவியிடம் கேட்டார்கள். துத்தநாகத்தையோ இரும்பையோ சிறு துண்டுகளாகச் செம்போடு இணைத்தால் அவை கரையும், செம்பு தப்பும் என்று 1824இல் அவர் காட்டினார். செம்பு தப்பியது உண்மைதான், ஆனால் கரையாத செம்பில் நஞ்சில்லை. கப்பலடியில் பாசியும் கொட்டலசும் மண்டி வேகம் குறைந்ததும், கடற்படை அந்தத் துண்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டது. உன் படகில் நடந்திருப்பதும் இதுவே.

அதற்காக நீ ஜிங்க்கைக் கழற்றிவிடாதே. இலை நுனி மறுபடியும் சிவந்தால் முறிந்துதான் போகும். ஒரே கட்டியைச் சுத்தமான ஷாஃப்டில் உலோகத்தோடு உலோகம் படும்படி இறுக்கு, அதன்மேல் பெயிண்ட் பட்டால் அது வேலை செய்யாது. இலைகளை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, பிரைமர் அடித்து, சிலிக்கோன் பூச்சு பூசியிருக்கிறேன். அது எதையும் கொல்லாது. பிடிமானம் கிடைக்காமல் ஒட்டியது இலை சுழலும்போது நழுவிவிடும். எனவே படகை வாரக்கணக்கில் கட்டிப்போடாதே, நின்ற நீரில்தான் குஞ்சுகள் வந்து ஒட்டுகின்றன. படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை இலையில் பூசுவது வீண், சுழற்சியில் உரிந்துவிடும். எஞ்சின் சூடாகிறது என்றாயே, அதைக் குளிர்விக்கக் கடல்நீர் உறிஞ்சும் துளையையும் பார். சல்லடைக்கு உள்ளேயும் கொட்டலசு வளரும், மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் பிரஷ் விட்டுக் குடைந்துவிடு.

இனி நான் சொல்வதைக் கோபிக்காமல் கேள். யாரோ பழைய சரக்கு, தகரச் சேர்மம் கலந்த பெயிண்ட் மலிவாகத் தருவதாகச் சொன்னாய். அதை வாங்காதே. அந்த நஞ்சால் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே நொடித்தது. 2008 செப்டம்பரிலிருந்து கப்பல்களில் அதைப் பூசுவதற்கு உலக அளவில் தடை இருக்கிறது. நான் பாலாற்றங்கரையில் பிறந்தவன். தோல் பதனிடும் கழிவு கிணற்று நீரை என்ன செய்தது என்பதைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் ஊற்றுநீர் பழைய சுவைக்குத் திரும்பவில்லை. உன் வலையில் விழும் மீன்களில் பல உன் ஊர் முகத்துவாரத்தில்தான் குஞ்சாக வளர்கின்றன. படகடியில் அடித்திருக்கும் செப்புப் பெயிண்டைச் சுரண்டும்போதுகூடக் கீழே தார்ப்பாய் விரித்துத் தூளை அள்ளிவிடு.

சனிக்கிழமை காலை வண்டியில் புரொப்பல்லரைப் போட்டுவிடுகிறேன். சிலிக்கோன் மென்மையானது, கீறினால் அந்த இடத்திலிருந்தே உரியும். ஆகவே வழக்கம்போல் அவசரப்பட்டுக் கத்தியால் சாக்கை அறுக்காமல், முடிச்சை அவிழ்த்து எடு.

அன்புடன்,
உன் பட்டறைக்காரன்