லேசர் கருவிக்குள் பிவிசி வேண்டாம்

ஆசிரியருக்கு,

பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் லேசர் வெட்டும் கருவி வாங்கும் வேகம், எதை வெட்டக்கூடாது என்று சொல்லித்தருவதில் இல்லை. பிவிசி என்னும் பிளாஸ்டிக்கை அதற்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலைத் தாக்கும். ஈரக்காற்றில் அமிலமாகிக் கருவியின் இரும்புப் பாகங்களை அரிக்கும். கடையில் ரெக்சின் என்று தருவதும் பெரும்பாலும் பிவிசிதான்! ஐயமா? செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பொருளில் ஒற்றி, திறந்தவெளியில் மீண்டும் சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சை நிறமானால் அந்தப் பொருளை ஒதுக்கிவிடுங்கள். அக்ரிலிக் தாராளமாக வெட்டலாம், ஆனால் தீப்பிடிக்கும். ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

ஆய்வகத்தில் இன்னொன்று: முப்பரிமாண அச்சுக்கான பிஎல்ஏ என்னும் பிளாஸ்டிக் இழை சென்னைக் காற்றில் ஈரம் உறிஞ்சி, அச்சு முனையில் படபடவென வெடிக்கும். 45-50 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல்லுடன் மூடி வைத்தால் போதும்.

– ஆய்வகப் பயிற்றுநர்கள், சென்னை