அடுத்த அறுவடை வரை வைத்திருக்க விடுங்கள்: கஞ்சாச் சட்டத்தை மீளாய்வு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

ஜேர்மனியின் கஞ்சாச் சட்டத்தை மீளாய்வு செய்யும் மதிப்புக்குரிய மக்கள் பிரதிநிதிகளுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். இந்த மடலை ஜேர்மன் மொழியில் உங்களுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். இதே சிக்கலில் இருந்துகொண்டு, அந்தச் செடியின் பெயரைச் சொல்லவே கூச்சப்படும் எங்கள் ஆட்களும் படிக்கட்டும் என்பதற்காகத் தமிழிலும் எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வயது வந்த ஒருவர் தமது வதிவிடத்தில் ஒரே நேரத்தில் மூன்று செடிகள் வளர்க்கலாம். உலர்ந்த நிறையில் 50 கிராம் வைத்திருக்கலாம். அதற்கு மேல் விளைந்ததை உடனே அழித்துவிட வேண்டும். மழையும் பனிப்புகாரும் நிறைந்த ஒரு வீட்டுக் கொல்லையில் இந்த மூன்று விதிகளும் ஒன்றுசேரும்போது என்ன நடக்கிறது என்பதை, இரண்டு பருவம் பயிர்செய்து பார்த்தவன் என்ற முறையில் மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

நான் இருப்பது வேசர் ஆறு வடகடலில் கலக்கும் இடத்துக்குக் கிட்டவுள்ள ஒரு சிற்றூர். இருபது வருடங்களுக்கு மேல் உணவகச் சமையலறையில் நின்று வேலை செய்ததில் இடுப்பு போய்விட்டது. இரவில் அரைக் கிராம் கஞ்சா இருந்தால் தூங்குவேன். இல்லாவிட்டால் விடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அதற்காகத்தான் 2024 வசந்தத்தில் முதன்முதலாக மூன்று விதைகள் போட்டேன்.

அவை நாள் குறுகிய பிறகே பூக்கும் கலப்பினச் செடிகள். எங்கள் அகலக்கோட்டில், அதாவது 53 பாகைக்கு வடக்கே, அப்படிப்பட்ட செடி ஓகஸ்டில் பூக்கத் தொடங்கி ஒக்டோபரில்தான் முற்றும். அந்த நேரத்தில் ஆற்றிலிருந்து எழும் புகார் முற்பகல் பதினொரு மணி வரை விலகாது. ஒரு காலையில், எல்லாவற்றிலும் பருத்திருந்த பூங்கொத்தின் நடுவில் ஒரேயொரு சிற்றிலை மஞ்சளாகி நின்றது. பிடித்து இழுத்தேன், தடையில்லாமல் கையோடு வந்தது. கொத்தை விரித்தால் உள்தண்டு மண்ணிறமாகக் கனிந்திருந்தது, சாம்பல் நிறத் தூள் புகைபோல எழும்பியது. ஸ்ட்ரோபெரியையும் திராட்சையையும் அழிக்கும் அதே சாம்பல் பூஞ்சணம். மூன்று நாளில் இரண்டு செடிகள் போயின. மிஞ்சிய செடியை முற்றுவதற்கு முன்பே வெட்டி உலர்த்தியதில் கிடைத்தது 31 கிராம்.

என் ஐயா யாழ்ப்பாணத்தில் புகையிலை செய்தவர். இலையை மூக்கருகே கொண்டுபோய், உள்ளே எவ்வளவு ஈரம் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். அவருடைய மகனாகப் பிறந்துவிட்டு ஈரத்திடம் தோற்றுப்போனது எனக்குப் பெரிய மனவருத்தம். ஆகவே அடுத்த பருவத்துக்கு வேறு கலப்பினத்தைத் தேடினேன். 1924இல் யானிசெவ்ஸ்கி என்ற உருசியத் தாவரவியலாளர் விவரித்த குட்டையான காட்டுச் சணல் இனம் ஒன்று உண்டு. குளிர்நாட்டின் குறுகிய கோடைக்குப் பழகியது. நாளின் நீளத்தைப் பாராமல், வயது வந்ததும் பூத்துவிடும் இயல்பை அதிலிருந்து எடுத்து உருவாக்கிய கலப்பினங்கள் முளைத்து ஏறத்தாழப் பத்துக் கிழமையில் அறுவடைக்கு வரும். 2025 மே மாதம் நட்டேன். ஒன்றுக்கொன்று முட்டாமல் இடைவெளி விட்டேன், உள்ளிலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் கொடுத்தேன், மழை நாள்களில் மூன்று சாடிகளையும் கூரைக்குக் கீழே தூக்கி வைத்தேன். ஓகஸ்டில், பூஞ்சணம் வருவதற்கு முன்பே, மூன்றையும் வெட்டினேன்.

இரண்டு கிழமை உலர்த்தியபின் சமையலறைத் தராசில் வைத்தேன். 118 கிராம்.

அந்த எண்ணைப் பார்த்ததும் வந்த மகிழ்ச்சி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. 50 கிராமைத் தாண்டினால் தண்டப்பணம். 60ஐத் தாண்டினால் மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள குற்றம். சட்டம் அனுமதித்த மூன்றே செடிகளைச் சரியாக வளர்த்த காரணத்தால், தராசின் முன் நின்றபடியே நான் குற்றவாளியாகியிருந்தேன். 68 கிராமை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, கோப்பிச் சக்கையோடு பிசைந்து, குப்பையில் கொட்டினேன். கஞ்சாவைக் கண்ணாலும் பார்க்க விரும்பாத என் மனைவியே அதைப் பார்க்கமாட்டாமல் உள்ளே போய்விட்டார். அவருடைய பெயரிலும் 50 கிராம் வைத்திருக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். தொடாதவருடைய பெயரில் பொய்க் கணக்கு எழுத எனக்கு மனமில்லை.

கணக்கு எளியது. ஓர் இரவுக்கு அரைக் கிராம் என்றால் 50 கிராம் நூறு இரவுகளுக்குப் போதும். ஓகஸ்ட் கடைசியில் தொடங்கியது டிசம்பர் பிறக்கும்போது தீர்ந்துவிட்டது. அடுத்த அறுவடைக்கு இன்னும் எட்டு மாதத்துக்கு மேல் இருந்தது. வெளியில் பயிர்செய்பவருக்கு இந்தக் காலநிலை தருவது நம்பத்தக்க ஒரேயொரு அறுவடைதான். பிந்தி விதைத்தால் அதைச் செப்டெம்பர் ஈரம் தின்றுவிடும். அலுமாரிக்குள் மின்விளக்கு எரித்து வளர்ப்பவரோ ஆண்டுக்கு மூன்று நான்கு முறை அறுவடை செய்து, ஒவ்வொரு முறையும் 50 கிராமுக்குள் நின்றுகொள்ளலாம். மின்சாரத்தை எரிப்பவர் சட்டத்துக்குள் நிம்மதியாக இருக்க, வெயிலை நம்புபவர் விளைச்சலைக் குப்பையில் கொட்ட வேண்டியிருப்பது எந்த நீதி?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: தன் மூன்று செடிகளின் விளைச்சலை, அடுத்த விளைச்சல் வரும் வரை, பூட்டிய பெட்டியில் தன் வீட்டிலேயே வைத்திருக்க ஒருவரை அனுமதியுங்கள்.

வைத்தியரிடம் சீட்டு எழுதுவித்து மருந்தகத்தில் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். கொல்லையில் விளைந்ததைக் கொட்டிவிட்டு அதையே ஓய்வூதியத்தில் காசு கொடுத்து வாங்கு என்று ஒரு கமக்காரனின் மகனிடம் சொல்கிறீர்கள் என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். உறுப்பினர்கள் கூடிக் கஞ்சா பயிர்செய்து தமக்குள் பகிர்ந்துகொள்ளும் சங்கத்தில் சேரலாம் என்றால், எங்கள் ஊரில் அப்படியொரு சங்கம் இல்லை. காசையும் வாங்கிக்கொண்டு என்ன கலந்தது என்றே தெரியாத பொருளைத் தருபவர்கள் புகையிரத நிலையத்தடியில் எப்போதும் நிற்கிறார்கள். எந்த வியாபாரத்தை ஒழிக்க இந்தச் சட்டம் வந்ததோ, அங்கேயே என்னைத் தள்ளுகிறது இந்த 50 கிராம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. ஊருக்கு வெளியே எனக்கு வாடகைத் தோட்டத்துண்டு ஒன்று இருக்கிறது. வெண்டியும் மிளகாயும் வளர்க்கும் கண்ணாடிக் குடில் அங்கே உண்டு. நான்கு பக்கமும் திறக்கலாம், மழை படாது, காற்று ஓடும். பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் அது வதிவிடமல்ல. அங்கே ஒரு செடியும் வைக்கக் கூடாது. பியர் காய்ச்சுகிற என் அயலவர் 2024 முதல் ஆண்டுக்கு 500 லீற்றர் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். அவருக்கு ஆண்டுக் கணக்கு; எனக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் தராசு. இதை யாரிடம் கேட்பது என்று தொலைபேசியில் ஓர் அலுவலகத்தை அழைத்தபோது, “அப்படியானால் குறைவாக வளருங்கள்” என்று பதில் வந்தது. எத்தனை செடியைப் பூஞ்சணம் விட்டுவைக்கும் என்று மே மாதத்திலேயே தெரிந்துகொள்ள எந்தப் பயிர்ச்செய்கையாளரால் முடியும்?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துண்டின் கதை இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். சிறுவர்களின் கைக்கு எட்டாதபடி பூட்டி வைக்கும் கடமையையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற தடையையும் நான் முழு மனதோடு ஏற்கிறேன். வேண்டுமென்றால் விளைச்சலின் நிறையை எழுதிவைக்கச் சொல்லுங்கள், எழுதுகிறேன். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், காட்டுகிறேன். 2025 இலையுதிர் காலத்தில் வந்த இடைக்கால அறிக்கைக்குப் பிறகு, இறுதி அறிக்கை 2028 ஏப்ரலில்தான் வரவேண்டும் என்று அறிவேன். அதுவரை இன்னும் இரண்டு மூன்று அறுவடைகளைக் குப்பையில் கொட்ட வைக்காமல், வீட்டில் வைத்திருக்கும் அளவை மட்டுமாவது முன்கூட்டியே திருத்தித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த பருவத்துக்கான மூன்று விதைகள் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கின்றன. இங்குள்ள தோட்டக்காரர்களின் வழக்கப்படி, மே நடுவில் ‘பனிப் புனிதர்களின் நாட்கள்’ என்று இங்கு சொல்லும் கடைசி உறைபனி நாட்கள் கழிந்ததும் அவற்றை வெளியே நடுவேன். அதற்கு முன் உங்களிடமிருந்து ஒரு பதிலை எதிர்பார்க்கிறேன்.

பணிவுடன்,
வேசர்க் கரையில் வாழும் ஒரு வீட்டுப் பயிர்ச்செய்கையாளர்