கட்டிலுக்கு அடியில் நான்கு கட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "நெதர்லாந்துக்காரனே வீட்டில் பிரசவம் பார்க்கிறான், நாம் எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?" என்று போன வாரம் வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் கேட்டிருந்தார். அந்த ஊர் வீட்டுப் பிரசவம் ஒன்றைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அரியலூர் பக்கம் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவளும்கூட. அவருக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் மகள் நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரில் இருக்கிறாள். 2019-ல் இரண்டாவது பிள்ளையை வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் போவதாகப் போனில் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. எதை வேண்டாம், வேண்டாம் என்று திண்ணை திண்ணையாகப் போய்ச் சொல்லி ஓய்வு பெற்றேனோ, அதையே என் வயிற்றில் பிறந்தவள் செய்கிறாளே! 36-வது வாரத்தில் அங்கே போய் இறங்கினேன்.

முதலில் கண்ணில் பட்டது கட்டில். நான்கு காலுக்கும் கட்டை வைத்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கியிருந்தார்கள். "இது யாருக்குடி, ஏறவே ஏணி வேணும் போல" என்றேன். "எனக்கில்லைம்மா, வர்ற மருத்துவச்சிக்கும் நர்ஸுக்கும். குனிஞ்சு குனிஞ்சு அவங்க முதுகு போயிடக் கூடாதாம்" என்றாள். கட்டை வைக்காவிட்டால் வீட்டில் பிரசவம் பார்க்க மாட்டார்களாம். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், தரையில் விரித்த பாயில், மணிக்கணக்காகக் குனிந்து பிரசவம் பார்த்தவள் நான். என் முதுகெலும்புத் தேய்மானத்துக்கு இன்றும் மாத்திரை சாப்பிடுகிறேன். அந்தக் கட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அங்கே மருத்துவச்சி என்றால் நான்கு வருடம் கல்லூரியில் படித்தவர். (அவருக்கு டச்சு மொழியில் ஒரு பெயர் உண்டு. தமிழில் எழுதினால் சிரிப்பீர்கள், விட்டுவிடுகிறேன்.) கர்ப்பம் முழுக்க மாதாமாதம் பார்ப்பது அவர்தான். யாருக்கு வீடு, யாருக்கு ஆஸ்பத்திரி என்பது அவர் இஷ்டமும் இல்லை, நம் இஷ்டமும் இல்லை. அதற்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். இரட்டைக் குழந்தை, தலை கீழே திரும்பாத பிள்ளை, முன்பு சிசேரியன் ஆனவர், போன பிரசவத்தில் அதிகமாக ரத்தம் போனவர், ரத்த அழுத்தம் உள்ளவர் எல்லாரும் ஆஸ்பத்திரிதான். 37 வாரம் முடியாமல் வலி வந்தாலும், 42 தாண்டினாலும் அப்படியே. இத்தனையும் தாண்டி வீட்டில் வலியைத் தொடங்குகிற தலைச்சன்காரிகளிலும் பாதிப் பேராவது நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள். என் மகளே முதல் பிரசவத்தில் அப்படிப் போனவள்தான். பனிக்குடத் தண்ணீர் பச்சையாக வந்ததும் (பிள்ளை உள்ளேயே மலம் கழித்துவிட்டது என்று அர்த்தம்) மருத்துவச்சி கூடவே கிளம்பிப் போய் ஒப்படைத்திருக்கிறார். அங்கே அதை யாரும் தோல்வி என்று பேசவில்லை.

இரண்டாவதுக்கு வலி வந்தது ராத்திரி ஒரு மணிக்கு. 25 நிமிடத்தில் கார் வந்து நின்றது. அந்த அம்மா இரண்டு பெரிய பைகளை மாடிக்குத் தூக்கி வந்தார். எனக்குப் பை மேலேதான் கண். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பு கேட்கும் டாப்ளர், ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி, டிரிப் சாமான், குழந்தை மூச்சு விடத் திணறினால் வைக்கிற பையும் முகமூடியும், ஆக்சிஜன், தையல் செட், தராசு. என் கோபம் பாதி இறங்கியது அப்போதுதான்.

மற்ற பாதியை இறக்கியது அவர் செய்யாத காரியங்கள். டிரிப் போடவில்லை. படுக்கச் சொல்லவில்லை. "முக்கு, முக்கு" என்று கத்தவில்லை. மூலையில் உட்கார்ந்து டீ குடித்தபடி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அவ்வப்போது எழுந்து வந்து குழந்தையின் துடிப்பைக் கேட்டார். வலி தாங்காமல் என் மகள் கெட்ட வார்த்தையில் திட்டினாள், தமிழில்தான், நல்லவேளை. அந்த அம்மா அவள் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் பார்த்த பிரசவ வார்டுகளில் கத்துகிற பெண்ணுக்கு என்ன பதில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிலை நானும் சொல்லியிருக்கிறேன்.

நாலே முக்காலுக்குக் கட்டிலைப் பிடித்து மண்டி போட்டபடியே பெற்றாள். பெண் குழந்தை. தொடையில் ஊசி போட்டு, நஞ்சுக்கொடி விழுந்ததும் அதை ஒரு பேசினில் போட்டு விளக்கடியில் வைத்தார். முழுசாக வந்திருக்கிறதா என்று பார்க்க அவரும் நானும் ஒரே நேரத்தில் குனிந்தோம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு டச்சு தெரியாது. சவ்வை விரித்துக் காட்டினார், தலையாட்டினேன். பிறகு ரத்தம் நனைந்த துணிகளைத் தராசில் வைத்து எடை பார்த்தார். நாங்கள் கண்ணால் பார்த்து "இருநூறு, முந்நூறு மில்லி இருக்கும்" என்று எழுதியவர்கள். அது எனக்குப் புதிது.

அடுத்த எட்டு நாளும் ஒரு பேறுகால உதவியாளர் வீட்டுக்கு வந்தார். அந்தச் சேவையை 'க்ராம்சோர்க்' என்கிறார்கள். எனக்குக் 'கிராமம்' என்றே காதில் விழுந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் சூடு பார்ப்பது, பால் கொடுக்கப் பழக்குவது, தையலைப் பார்ப்பது, மூத்தவனுக்கு ரொட்டி தடவித் தருவது, கழிப்பறை கழுவுவது வரை அவர் வேலை. இன்சூரன்ஸில் அடங்கும், மணிக்கு இவ்வளவு என்று நாமும் கொஞ்சம் கட்ட வேண்டும். அவர் ஜன்னலைத் திறந்து வைப்பார், நான் போய்ச் சாத்துவேன். அந்தச் சண்டை எட்டு நாளும் நடந்தது. பார்க்க வந்தவர்களுக்கு ரஸ்கின் மேல் வெண்ணெய் தடவி, சர்க்கரைப் பூச்சு போட்ட சோம்பு தூவிக் கொடுத்தார். பால் சுரக்குமாம். சோம்பைப் பற்றி எனக்கே பாடமா?

இப்போது வாசகரின் கேள்விக்கு வருகிறேன். 1960-களில் அந்த நாட்டில் மூன்றில் இரண்டு பிள்ளைகள் வீட்டில் பிறந்தன. இன்று 100-க்குச் சுமார் 15. அந்த 15-க்கும் பின்னால் படித்த மருத்துவச்சியும், அந்தப் பையும், 15 நிமிடத்தில் வர வேண்டிய ஆம்புலன்சும், கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. திருப்பூரில் 2018-ல் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஓர் ஆசிரியை ரத்தப்போக்கில் செத்துப்போனாரே, அங்கே இதில் எது இருந்தது? இரண்டையும் 'வீட்டுப் பிரசவம்' என்று ஒரே பெயரால் அழைப்பதை உங்கள் பத்திரிகையும் நிறுத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம். அதைக் கொண்டுவர நாங்கள் நடந்த நடை எங்கள் காலுக்குத் தெரியும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பெண்கள் ஏன் வீடு, வீடு என்கிறார்கள் என்பதும் இப்போது புரிகிறது. திட்டாத ஆள் வேண்டும், தெரிந்த முகம் வேண்டும், அவ்வளவுதான். செவிலியர்களுக்கு 18 மாத மருத்துவச்சிப் பயிற்சி கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. அப்படிப் பயின்றவர்களை நம் ஊர் பிரசவ வார்டுகளில் நிறையப் பேராகப் போடுங்கள் என்று அரசைக் கேட்டு எழுதுங்கள்.

கடிதம் எழுதிய வாசகருக்கு ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது முழுகாமல் இருந்தால், முதலில் உங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் கூட்டிப்போய்ப் பதிவு செய்யுங்கள். ரத்தம் எத்தனை கிராம் இருக்கிறது என்று பாருங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
அரியலூர் மாவட்டம்