விறகடுப்பு வடிவமைப்போரே, இருட்டிய பிறகு வந்து பாருங்கள்

மேம்பட்ட விறகடுப்புகளை வடிவமைக்கிறவர்களுக்கும், அவற்றைச் சோதித்துத் தரம் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம். உங்களில் ஒருவர் வடிவமைத்த அடுப்பில்தான் ஓராண்டாகச் சமைக்கிறேன். விறகு மிச்சமாகிறது, கண்ணெரிச்சல் போய்விட்டது. ஆனாலும் பழைய மூன்று கல்லை நான் எடுத்துப் போடவில்லை. பொழுது சாய்ந்தால் அதையும் பற்றவைக்கிறேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

திறந்த தீ மூன்று வேலை பார்த்தது: சமைத்தது, அறையைச் சூடாக்கியது, வெளிச்சமும் தந்தது. நீங்கள் முதல் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதெல்லாம் வீணான வெப்பம் என்று கணக்கெழுதிவிட்டீர்கள். சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 2018-ல் வெளியிட்ட 19867 வரிசை வெப்பத் திறன், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு, நுண்துகள், பாதுகாப்பு, நீடித்து உழைக்கும் திறன் ஆகியவற்றுக்கு 0 முதல் 5 வரை படி வகுத்திருக்கிறது. வெளிச்சத்துக்கு ஒரு படியும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. சுடர் மஞ்சளாகத் தெரிவதே அதற்குள் எரிந்து முடியாத கரித்துகள் தகதகப்பதால்தான். அடுப்பு சுத்தமாக எரிய எரியச் சுடர் மங்கும். மிஞ்சியதையும் உங்கள் தகரச் சுவர் மறைத்துவிடும். பானை பொங்குகிறதா என்று பார்க்க மண்ணெண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிகிறேன். அடுப்பு விட்ட புகையை விளக்கு விடுகிறது!

இயற்பியலாளர் சீபெக் 1821-ல் கண்ட வெப்பமின் விளைவு இதற்கு உதவும். அதை வைத்துச் செய்த சில்லு, ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் இருந்தால் மின்சாரம் தரும். அதன் வழியாகப் போகும் வெப்பத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு மின்சாரமானாலே பெரிது. ஆனால் ஓர் எல்இடி விளக்குக்கு ஒன்றிரண்டு வாட் போதுமே. குளிர்ந்த பக்கம் சூடாகாமல் காக்கச் சிலர் விசிறி வைக்கிறார்கள். அது கிடைக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடும். என்னைக் கேட்டால் சிறு தண்ணீர்த் தொட்டியே மேல். தண்ணீரும் வெதுவெதுப்பாகிக் கிடைக்கும்.

அறையைச் சூடேற்றுவதுதான் சிக்கல். சமையலுக்குத் தீயறைச் சுவர் லேசாக இருக்க வேண்டும். கனமான களிமண் சுவர் முதல் அரைமணி நேரம் பானைக்குப் போகவேண்டிய சூட்டைத் தான் குடித்துக்கொள்ளும். குளிருக்கோ அந்தக் கனம்தான் வேண்டும், தீ அணைந்த பிறகும் சூட்டை மெல்ல மெல்ல விடுவதற்கு. இரண்டையும் ஒரே சுவரில் தேடாதீர்கள். தீயறை லேசாகவே இருக்கட்டும். பானையைத் தாண்டிப் போகும் புகைவழியில் செங்கலை அடுக்குங்கள். அங்கேயும் பேராசை கூடாது. புகை அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் புகைபோக்கி இழுக்காது, உள்ளே கீல் படியும். புகைபோக்கியே இல்லாத அடுப்பை மூடிய அறையில் குளிருக்கு வைக்கவே கூடாது, அது எத்தனையாவது படியில் இருந்தாலும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது.

இனி விறகு. காய்ந்த, ஒரே கனத்தில் சீவிய கட்டையை வைத்துச் சோதிக்கிறீர்கள். என் கையில் இருப்பது கோணல் சுள்ளியும், நுனியில் நுரை கக்கிச் சீறும் ஈரக்கட்டையும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல் போகிறது. அதுவரை தீயறை சூடேறாது, புகையும் எரியாது. காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு எரியும் வாயுவாகத்தான் வெளிவந்து எரிகிறது. அது எரியாமல் தப்பினால் அதுதான் புகை. ஆகவே நாளைய விறகை இன்றைய சூட்டில் உலர்த்த அடுப்போரமாக ஒரு தட்டு வையுங்கள், தீப்பொறி எட்டாத தூரத்தில். அடுப்பின் வாயையும் இன்னும் இரண்டு விரல் அகலமாக்குங்கள். கட்டையைப் பிளக்கிற நேரத்தை நீங்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அடுத்த மாதிரியை முடித்ததும் ஆய்வகத்திலேயே தரம் போட்டுவிடாதீர்கள். குளிர்காலத்தில், இருட்டிய பிறகு எங்கள் வீடுகளுக்குக் கொண்டு வாருங்கள். விறகு நாங்கள் தருகிறோம். பாதி ஈரமாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
இரண்டு அடுப்பு மூட்டுகிற ஒருத்தி