தறிக்குடோனில் ஒரு நடைக்கூடம்: நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், வேலைக்காக வெளியூர் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கமுங்க. மாரடைப்பு வந்து பிழைத்த பெண்களுக்கு ஊரிலேயே நடைப்பயிற்சி தர ஓர் இடம் அமைக்க உங்கள் உதவி கேட்டு எழுதுகிறோம்.

நம் ஊர் அக்கா ஒருவருக்குப் போன மாசியில் மாரடைப்பு வந்தது. நெஞ்சுவலி என்று அவர் சொல்லவே இல்லை. தாடை கடுக்குது, மூச்சு வாங்குது, குமட்டுது என்றார். வாயுதான் என்று ஓமத்தண்ணி குடித்துவிட்டு அரை நாள் படுத்துக் கிடந்தார். அப்புறம்தான் 108. முதல்வர் காப்பீட்டில் ஸ்டென்ட் (அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்துப் பிழைத்து வந்தார். ஊரே போய்ப் பார்த்தது. பத்தாம் நாள் விடியக்காலம் பார்த்தால், கட்டுத்தரையில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருக்கிறார்!

யாரும் அவரை ஏவவில்லை. "மாடு வேற கைக்கு நிக்காதுங்க" என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டில் கனமான வேலை கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எதுங்க கனம்? சாணிக்கூடையா, நனைந்த போர்வையைப் பிழிவதா, சொசைட்டிக்குப் பால்கேன் தூக்குவதா? அதை எழுதியவர் தோட்டத்துச் சாளை வீடு எதையும் பார்த்திருக்க மாட்டார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் குழுவினர் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். மாரடைப்பு வந்து பிழைத்த பெண்கள் சுற்றுவட்டாரத்தில் பதினொரு பேர். ஒருவர் நெஞ்சுவலி வந்தால் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டே திரிகிறார். உட்கார்ந்துகொண்டுதான் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், நின்றுகொண்டு வைத்தால் தலை சுற்றி விழ நேரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இன்னொருவர் அசதியாக இருக்கிறது என்று எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ஸ்டென்ட் வைத்த புதிதில் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை நாமாக நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே அடைப்பு வரலாம். மூன்று பேர் ராத்திரி தூங்கப் பயப்படுகிறார்கள். உப்பும் எண்ணெயும் குறைத்துத் தனக்கென்று ஒரு குழம்பு வைக்க எல்லோருக்குமே கூச்சம். தாம்பத்தியம் பற்றிய சந்தேகத்தை டாக்டரிடம் கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

இதற்கெல்லாம் இதய மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. கண்காணிப்போடு நடை, மூச்சுப் பயிற்சி, மாத்திரை பற்றிய விளக்கம், மனசு விட்டுப் பேச ஆள், எல்லாம் சேர்ந்தது. மறுபடி ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பதை இது குறைக்கிறது. ஆனால் பல நாடுகளிலும் ஆண்களைவிடப் பெண்கள் இதில் குறைவாகத்தான் சேர்கிறார்கள். நம் பக்கத்துக் காரணம் நமக்கே தெரியும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. தோட்டத்திலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கே ஒன்றரை மைல் நடக்க வேண்டுமே?

அதனால் பயிற்சியை ஊருக்கே கொண்டுவருகிறோம். மாரியம்மன் கோயில் பின்னால் சும்மா கிடக்கும் தறிக்குடோனை உரிமையாளர் வாடகை இல்லாமல் தந்திருக்கிறார். வாரம் இரண்டு நாள், பன்னிரண்டு வாரம். பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண்தான் வருவார். அதில் குழு பிடிவாதமாக இருந்தது. டாக்டரின் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரையும் சேர்க்க மாட்டோம். மாதம் ஒருநாள் வீட்டுக்காரரோ மகனோ மருமகளோ கூட வர வேண்டும். பால்கேனை யார் தூக்குவது என்று அன்றைக்கு அவர்களிடமே கேட்கப்போகிறோம்.

செலவு: தரை பூசவும், உட்காரும் வகைக் கழிப்பறை கட்டவும் 65,000 ரூபாய். பிசியோதெரபிஸ்டுக்கு 24 நாளுக்கு 24,000. தோட்டங்களிலிருந்து கூட்டிவர ஆட்டோ 14,400. பிபி மெஷின், ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்க்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், சர்க்கரை பார்க்கும் கருவி 8,000. ஆக 1,11,400. குழுவினர் போட்டதும் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் சேர்த்துத் தந்ததுமாக 38,000 கையில் இருக்கிறது. இன்னும் 73,400 வேண்டும்.

கோயில் நோம்பிக்குப் போடுவது போலத் தலைக்கட்டு வரி இல்லைங்க இது. நூறு ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு. கணக்கு மாதாமாதம் கோயில் சுவரில் ஒட்டப்படும். ஞாயிறு காலை கோயில் திண்ணையில் இருப்போம். வெளியூர்க்காரர்கள் வீட்டில் யாரிடமாவது கொடுத்தனுப்பினால் போதும்.

பணமாகத் தர முடியாதவர்கள் நாற்காலி தரலாம். பழசாக இருந்தாலும் பரவாயில்லை, கைப்பிடி இருக்க வேண்டும். எழும்போது ஊன்றிக்கொள்ளத்தான். ஸ்டூல் வேண்டாம், ஏற்கெனவே நாலு வந்து கிடக்கிறது.