ஆல்பத்தை ஆல்பமாகக் கேளுங்கள்: ஓர் இசைச் செயலியின் தமிழ்ப் பட்டியல் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பட்டியல் குழுவினருக்கு,

வணக்கம்.

‘2025 இதுவரை: தமிழின் சிறந்த சுயாதீன இசை’ என்று ஜூலையில் நீங்கள் வெளியிட்ட பட்டியலைப் பார்த்தோம். ஐம்பது உருப்படிகள், ஐம்பதும் தனிப்பாடல்கள். ஆல்பம் என்று ஒன்றுகூட இல்லை. ஆல்பங்களிலிருந்து எடுத்தவை உண்டு; ஆனால் சீக்கிரம் தாளம் தொடங்கி மூன்று நிமிடத்தில் முடிகிற துண்டாகப் பார்த்துப் பிய்த்துப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் அலுவலகம் மும்பையில் இருக்கிறது. நாங்களும் மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் பக்கத்துத் தமிழர்கள்தான். எங்களில் வாசிக்கிறவர்கள் உண்டு, ஒலிக்கலவை செய்கிறவர்கள் உண்டு, மாதச் சந்தா கட்டிக் கேட்கிறவர்களே அதிகம். கோரிக்கை ஒன்றுதான். டிசம்பரில் வரப்போகிற ஆண்டுப் பட்டியலில் ஆல்பத்தை ஆல்பமாகவே சேருங்கள். சேர்ப்பதற்கு முன் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை கேளுங்கள்.

கேட்க ஆல்பங்கள் இல்லாத ஆண்டு அல்ல இது. பாடகி கானவ்யாவின் ‘நிலம்’ இந்த ஆண்டுதான் பெர்லினின் லைட்டர் இசை நிறுவனத்திலிருந்து வந்தது. குரலை முன்னால் நிறுத்தி, பக்க இசையைக் குறைத்துக்கொண்டே போகிற ஆல்பம். போன ஆண்டு அவர் தந்த ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ பெருங்கூட்டமாகப் பாடியது. அதற்குப் பிறகு இந்த அடக்கத்தைக் கேட்கும்போதுதான் அதன் துணிச்சல் புரியும். தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், டிரம்பெட் மேதை வாடாடா லியோ ஸ்மித்துடன் வாசித்த ‘டிஃபையன்ட் லைஃப்’ மார்ச்சில் ஈசிஎம் என்ற இசை நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. இரண்டே பேர், டிரம்ஸ் கிடையாது. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் விடுகிற மௌனத்தில்தான் பாதி இசை இருக்கிறது. இவற்றில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குத்துப்பாட்டுக்கும் காதல் பாட்டுக்கும் நடுவில் வைத்தால் கேட்கிறவருக்கும் ஒன்றும் புரியாது, வாசித்தவருக்கும் நியாயம் கிடைக்காது.

பட்டியல் மட்டும் இப்படியில்லை. செயலியும் அதே புத்தியோடுதான் நடந்துகொள்கிறது. ஒரே ஒரு கஷ்டத்தை விரிவாகச் சொல்கிறோம்.

22 நிமிட உருப்படி ஒன்று. தம்புரா சுருதி அறுபடாமல் ஓட, அதன்மேல் நாதஸ்வரமும் சிந்தசைஸரும். உங்கள் கணக்கில் 30 விநாடி கேட்டால் ஒரு கேட்பு. மிச்சம் இருபத்தொன்றரை நிமிடத்தையும் உட்கார்ந்து கேட்டாலும் அதே ஒன்றுதான். ஆகவே, பாட்டைச் செயலிகளுக்கு அனுப்புகிற விநியோகஸ்தர், “துண்டு போட்டு அனுப்புங்க” என்கிறார். கலைஞர் மனசில்லாமல் ஏழாக வெட்டுகிறார். வெட்டுவதற்கும் முறை இருக்கிறது. முழுவதையும் ஒரே கோப்பாக மாஸ்டர் (வெளியீட்டுக்கான இறுதி ஒலிச்சீர்) செய்துவிட்டு, கடைசியில்தான் வெட்ட வேண்டும். சிடியும் போடுவதாக இருந்தால் வெட்டு 588 சாம்பிள்களின் (ஒலியை எண்ணாக அளக்கிற புள்ளிகளின்) மடங்கில், அதாவது விநாடியில் 75-இல் ஒரு பங்குக் கணக்கில் விழ வேண்டும். ஒலியை மெல்லக் கூட்டுகிற, குறைக்கிற ஃபேட் போடவே கூடாது. இத்தனையும் ஒழுங்காகச் செய்து அனுப்புகிறார்கள்.

உங்களிடம் வந்ததும் கோப்பு ஏஏசி என்ற சுருக்கிய வடிவத்துக்கு மாறுகிறது. அப்படிச் சுருக்குகிற என்கோடர் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வெற்று சாம்பிள்களைச் சேர்க்கும். வழக்கமான எண்ணிக்கை 2,112, 44.1 கிலோஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 48 மில்லி விநாடி. கடைசி ஃபிரேமை, அதாவது கடைசி ஒலித் தொகுப்பை, நிரப்ப வாலிலும் கொஞ்சம் சேரும். எத்தனை சேர்ந்தது என்ற குறிப்பைக் கோப்பிலேயே எழுதி வைக்க வழி இருக்கிறது. பிளேயர் அதைப் படித்து அத்தனையையும் தள்ளிவிட்டு, அடுத்த கோப்பை முன்கூட்டியே திறந்து வைத்திருந்தால் இடைவெளி தெரியவே தெரியாது. உங்கள் செயலி இரண்டையும் செய்வதில்லை. அதனால் ஆறு இடத்தில் சுருதி அறுந்து ‘டக்’ என்கிறது. பாட்டும் பாட்டும் தனித்தனியாக இருக்கிற ஆல்பத்தில் இது யாருக்கும் தெரியாது. தம்புராவில் ஒளிய இடமில்லை. இடது, வலது இரண்டு சேனலிலும் அலை ஒரே சமயத்தில் பூஜ்யத்தைத் தொடுகிற இடம் அதில் கிடைப்பதே அரிது. எங்கே வெட்டினாலும் குதிக்கும். கேட்கிறவர் திட்டுவது கலவை செய்தவரைத்தான்.

சரி, வெட்டியதால் காசாவது வருகிறதா? அதுவும் இல்லை. ஸ்பாட்டிஃபை 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத டிராக்குக்கு ஒலிப்பதிவுப் பங்குத்தொகை தருவதில்லை. இந்த மாதிரி விதி இருக்கிற இடத்தில் முதல் துண்டு ஆயிரத்தைத் தொட்டாலும் ஏழாவது துண்டு தொடுவது கஷ்டம். வெட்டாமல் விட்டால் ஒரு கேட்புக்கான காசு. வெட்டினால் பின்பாதிக்குச் சல்லிக்காசு இல்லை. எந்தப் பக்கம் போனாலும் அடிபடுவது நீளமாக யோசிக்கிற கலைஞர்தான். விதியை மாற்றும் அதிகாரம் உங்கள் குழுவுக்கு இல்லை, தெரியும். ஆனால் ஆல்பத்தை ஆல்பமாகப் பட்டியலில் வைத்தால் ஏழாவது துண்டுவரைக்கும் ஆள் வரும். அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஒலி அளவையும் பாருங்கள். மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) என்ற அளவுக்கு ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாகச் சமப்படுத்துகிறீர்கள். ஒற்றைக் குரலில் மெல்லத் தொடங்கிப் பறையில் வெடிக்கிற ஆல்பத்தில், குரலை ஏற்றி, பறையை இறக்கி, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறீர்கள். ஆல்பமாக ஓடும்போது மொத்தத்துக்கும் ஒரே அளவு கூட்டல் கழித்தல் என்று வைத்தால் தீர்ந்தது. வேறு செயலிகளில் இது ஏற்கெனவே இருக்கிற வசதிதான்.

இதெல்லாம் தெரியாமல் நடப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. தமிழ் என்றால் சினிமா என்று உங்கள் படிவமே முடிவு கட்டியிருக்கிறது. ‘படத்தின் பெயர்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடிவதில்லை. வேறு வழியில்லாமல் ஆல்பத்தின் பெயரை அதில் எழுதினால், தேடும்போது அது படமாக வருகிறது. ‘நடிகர்கள்’ என்று கேட்கிற அந்தப் படிவத்தில் நாதஸ்வரம் வாசித்தவர் பெயரைப் போட இடமில்லை, மாஸ்டரிங் செய்தவருக்கும் இடமில்லை. எத்தனை வருஷமாக இதைச் சொல்வது? எழுதிய கடிதங்களுக்கு வருவது தானியங்கிப் பதில்தான்.

ஒரு முழு ஆல்பத்தைக் கவனிக்காமல் விட்டது இந்த ஊரில் ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது. 1982-இல் மும்பை சினிமாக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் மின்னணு இசைக்கருவிகளான ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஒரு முழு ஆல்பமாக வாசித்தார். அன்றைக்குச் சீந்துவார் இல்லை. 2010-இல் மறுவெளியீடு வந்த பிறகுதான், இந்த ஓசையை ஆசிட் ஹவுஸ் என்ற அமெரிக்க மின்னணு நடன இசைக்கு முன்பே ஒருவர் இங்கே வாசித்துவிட்டார் என்று உலகம் பேசியது. அப்போது அவருக்கு வயது எழுபது. அதையும் யாரோ ஒருவர் முழு ஆல்பமாகக் கேட்டதால்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

கோபம் கொஞ்சம் எழுத்தில் ஏறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவாகவே கேட்கிறோம். டிசம்பர் பட்டியலுக்கு ஆல்பங்களை முழுசாகக் கேளுங்கள். கேட்கும்போது ஷஃபிள் (வரிசை கலைத்தல்), கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலத்தல்), ஒலிச் சமன் மூன்றையும் அணைத்துவிடுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம். ஒரு கட்டை சுருதியில் தம்புராவின் மந்தர ஸட்ஜம் (அடி ‘ஸ’) சுமார் 65 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதைத் தொடவே தொடாது. ஒயர் உள்ள சாதாரண ஹெட்ஃபோன் போதும். லோக்கல் டிரெயினில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். மெல்லிய பகுதிகள் தண்டவாளச் சத்தத்தில் போய்விடும்.

ஆல்பம் அனுப்புவதற்கான படிவத்தை அக்டோபரிலேயே திறந்துவிட்டால் கேட்க உங்களுக்கும் அவகாசம் இருக்கும். படத்தின் பெயர் கேட்காத படிவமாக இருக்கட்டும். வாசித்தவர், கலவை செய்தவர், மாஸ்டரிங் செய்தவர் பெயர்களைத் தமிழிலேயே எழுத இடம் கொடுங்கள். குழுவின் காதுக்கென்று, சுருக்காத 24 பிட் வேவ் கோப்பாக, எங்கேயும் வெட்டாமல் முழு ஆல்பத்தையும் தர எங்களில் வாசிக்கிறவர்கள் தயாராக இருக்கிறார்கள். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
மும்பைத் தமிழ் இசை நேயர்கள் சிலர்